அம்மா ஊரில் இல்லாத நாட்கள்

குப்பன் பூசாரியின் கையில் எப்போதும் இரண்டு வாசனை இருக்கும். ஒன்று மீன், இன்னொன்று கற்பூரம். எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் இரண்டும் போகாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்னக் குப்பத்தில், விடியலில் வலை இழுக்கப் போகிறவரும் அவர்தான், பொழுது சாய எல்லையம்மன் கோயில் கதவைத் திறக்கிறவரும் அவர்தான். கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஓலைக் கூரை, சுண்ணாம்பு அடித்த மண்சுவர், உப்புக் காற்றில் வெளுத்துப் போன ஒரு கதவு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்ன சொல்லைக் குப்பத்தில் ஒருத்தரும் மீறினது கிடையாது. வலையைத் திருடினது யார், படகுக் கயிற்றை அறுத்தது யார் என்று கேட்கப் போலீஸ் வரைக்கும் போகமாட்டார்கள். குப்பன் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார். தப்பு செய்தவன் கை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அந்தத் தட்டுதான் அவருடைய மகளை அவரிடமிருந்து பிரித்தது.

அஞ்சம்மாள் ஒரே மகள். அம்மா செல்லியம்மாளோடு கூடை தூக்கிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போவாள். அங்கேதான் மோசஸைப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனி அவனுக்கு. அப்பன் ஆத்தாள் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவன் புதிதாக வந்த இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவன். விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பெரியதனக்காரர்கள் கூடினார்கள். மீனவப் பெண் காலனிக்குப் போவதா, அதுவும் ஒரு வேதக்காரனோடா என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். கடைசியில் மூத்தவர் ஒருத்தர், பிரச்சினையை முடித்தால் போதும் என்று ஒரு வழி சொன்னார்.

"இந்தா பொண்ணே, அந்தப் பையனுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு கற்பூரத்த அணைச்சுட்டு ஊட்டுக்குப் போ. நாங்க மேல ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

அது பொய் என்று கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். குப்பனுக்கும் தெரியும். தட்டை நீட்டிக்கொண்டு மகள் முகத்தையே பார்த்தார். அணைத்துவிடு தாயே, அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று அவர் கண் கெஞ்சியது. அஞ்சம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பொய்க்குக் கற்பூரம் அணைக்க மாட்டேன் நைனா. கோயில்ல அம்மா பாத்துக்கினு கீறா."

அன்றைக்கே ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். அவள் இனி குப்பத்து மண்ணில் கால் வைக்கக் கூடாது. அவளோடு ஊரில் யாருக்கும் தண்ணி கிடையாது, நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது. மீறினால் அந்த வீட்டுக்கு ஏரியில் பாடு இல்லை. பாடு என்பது, எந்த வலை எந்தத் துறையில் எந்த முறைக்கு இறங்க வேண்டும் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற உரிமை. அது போனால் ஏரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அஞ்சம்மாள் போய்விட்டாள். மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. அப்பனும் ஆத்தாளும் போகவில்லை.

அதற்குப் பிறகு மகளைப் பற்றிய சேதியெல்லாம் மார்க்கெட்டில் கீரை விற்கிற சாராள் வாயால்தான் வரும். சாராள் அந்தக் காலனிக்காரி. செல்லியம்மாளைப் பார்த்துப் பேசமாட்டாள். கீரைக்கட்டைப் பார்த்துப் பேசுவாள். "இன்னாமோ போ, எங்க காலனில அஞ்சம்மான்னு ஒருத்தி, முழுகாம கீறா. புளிச்சகீரையா கேட்டுத் துன்றா" என்பாள். அடுத்த முறை, "பொறந்துட்சி. ஆம்பளப் புள்ள. தாத்தன் மூக்கு அப்படியே" என்பாள். செல்லியம்மாள் அன்றைக்கு விற்காத மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து புருஷனிடம் சொன்னாள். குப்பன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எழுபதாம் வருஷம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தர் லோகநாதன். பொன்னேரியிலிருந்து வந்து ரோட்டோரம் மெத்தை வீடு கட்டினவர், மீன் ஏஜெண்டு, லாரிக்காரர். அவருடைய ஐஸ் கொட்டகையிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் இறங்கி, குப்பத்துக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர் ஊற்று கெட்டுப்போயிருந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். எதிர்த்து நின்றவர் சடையப்பன். கிழிந்த வலை பொத்துகிறவர். கொடுக்க ஒன்றும் இல்லாத மனுஷன். ஊற்றை மீட்டுத் தருகிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார்.

"சடையப்பன் குடுத்தது ஒரு கும்புடு. நாமளும் ஒண்ணு போட்டோமா, கணக்கு நேராயிட்சி" என்று கோவிந்தம்மா சிரித்தாள். கோவிந்தம்மா குப்பத்தின் வாய். அவள் சொல்லாத சொல் ஊரில் இல்லை.

ஒரு நாள் பொழுது சாய லோகநாதன் கோயிலடிக்கு வந்தார். குப்பன் வலையை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பூசாரி, பேரன் பொறந்துகீறானாமே?"

வலையை உதறிய குப்பனின் கை நின்றது.

"பேஜாரு புடிச்ச ஊருய்யா இது. பெத்த பொண்ணு புள்ளையத் தூக்கிக்கினு அப்பன் ஊட்டுக்கு வர முடியல. நான் தலைவரானா மொத வேலை அதான். உங்க பெரியதனக்காரங்க மீன் ஏத்தறது என் லாரில. நான் சொன்னா கட்டுப்பாடாவது ஒண்ணாவது. மேளம் வெச்சுக் கூட்டியாரேன் உன் பொண்ண."

"நான் இன்னா மொதலாளி பண்ணணும்?"

"போன தபா வேட்டி குடுத்தேன். என் வேட்டியக் கட்டிக்கினு போயி அடுத்தவனுக்குக் குத்தினானுங்க. இந்தத் தபா ஊட்டுக்கு ஒரு மூக்குத்தி. ஆனா சும்மா இல்ல. உங்க அம்மா முன்னாடி கற்பூரம் அணைச்சுட்டுத்தான் வாங்கிக்கணும். அதுக்குத்தான் உங்க ஆளுங்க பயப்படுவாங்களாமே. நீ தட்டப் புடி. அது போதும்."

லோகநாதனுக்கு ஒன்று தெரியாது. ரோட்டோரத்து மனுஷனுக்குத் தெரிய நியாயமும் இல்லை. திருவிழா முடிந்து கரகத்தை ஏரியில் விட்டாகிவிட்டது. கரகத்தை விட்டதும் எல்லையம்மன் தன் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். ஏரிக்கு அக்கரையில் ஒரு மணல் மேடு, அதுதான் அவள் தாய்வீடு. அடுத்த பௌர்ணமிக்கு ஊரே படகில் போய்க் குடத்துத் தண்ணீரில் அவளை அழைத்துக்கொண்டு வரும். அது வரைக்கும் கோயிலில் விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, சத்தியம் இல்லை. கட்டிக் கொடுத்த எந்தப் பெண்ணுக்கும் வருஷத்தில் சில நாள் தாய்வீடு வேண்டாமா, அம்மாவுக்கு மட்டும் வேண்டாமா என்பார்கள்.

"மொதலாளி, அம்மா இப்ப ஊர்ல இல்ல" என்று குப்பன் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் தாத்தன் மூக்கு என்ற சொல் நினைவுக்கு வந்துவிட்டது. ஆகட்டும் என்று தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஆள் இல்லாத கோயிலைத் திறந்து, கற்பூரம் ஏற்றி, தட்டோடு நின்றார் குப்பன். பக்கத்தில் நாற்காலி போட்டு லோகநாதன் உட்கார்ந்தார். மடியில் மூக்குத்திப் பெட்டி. குப்பமே வரிசையில் நின்றது. முதலில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் வரிசையில் ஒரு சிரிப்பு ஊர்ந்து போனது.

கோவிந்தம்மா தட்டுக்கிட்டே வந்து குனிந்து, "இன்னா குப்பா, ஊட்டுக்காரி ஊருக்குப் போயிருக்க சொல்ல கதவத் தொறந்து வெச்சுக்கினு கீற?" என்று கிசுகிசுத்தாள்.

"இன்னா சொல்லுது கெழவி?" என்றார் லோகநாதன்.

"நீங்க நூறு வருசம் இருக்கணுமாம் மொதலாளி" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

சட்டென்று கோவிந்தம்மா கற்பூரத்தை அணைத்தாள். "லோகநாதனுக்குத்தான் என் ஓட்டு! சத்தியம்!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். மூக்குத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "தங்கமா மொதலாளி?"

"பின்ன?"

"கேட்டேன். மூக்கு ஒண்ணுதான் கீது எனக்கு."

ஒவ்வொருத்தியாக, ஒவ்வொருத்தனாக வந்தார்கள். அணைத்தார்கள், சிரித்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பேரிலும் அந்தச் சத்தியம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள், தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த குப்பன்தான். மறுபடி மறுபடி கற்பூரம் ஏற்றினதில் விரல் நுனி கொப்பளித்தது. ஆள் இல்லாத வீட்டில் விளக்கு ஏற்றினாயே, அதற்குத்தான் இது என்று நினைத்துக்கொண்டார்.

ஓட்டுக்கு முதல் நாள் காலையில் கோவிந்தம்மாவின் பேத்திக்கு உடம்பெல்லாம் சிவந்துபோனது. தவழ்கிற குழந்தை. கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, வீல் வீலென்று கத்தியது. பார்த்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். குழந்தை உடம்பில் முத்துப் போட்டால் அம்மா வந்து இறங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

"ஐயையோ, அம்மா வந்துட்டா!"

"பௌர்ணமிக்கு இன்னும் நாள் கீதே?"

"அவளுக்குப் பஞ்சாங்கம் பாத்துக்கினா வரணும்? நாம வெளையாட்டுக்குக் கற்பூரம் அணைச்சத அக்கரைல இருந்தே பாத்துட்டா. கோவத்துல கெளம்பி வந்துட்டா!"

"அப்ப சத்தியம்?"

"சத்தியம் சத்தியந்தான். இனிமே லோகநாதனுக்குத்தான் குத்தணும். ஊத்தாவது ஒண்ணாவது."

கோவிந்தம்மா மூக்குத்தியைக் கழற்றிக் கையில் இறுக்கிக்கொண்டு, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பன் வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஊர் நடந்தது. அம்மா வந்தாளா இல்லையா என்று சொல்ல வேண்டியது பூசாரி. அவர் சொன்னால் முடிந்தது.

கூட்டம் வாசலுக்கு வருவதற்குள் செல்லியம்மாளுக்குச் சேதி எட்டிவிட்டது. புருஷனைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யோவ், சொல்லிடுய்யா."

"இன்னான்னு?"

"அம்மா வந்துட்டான்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. எல்லாரும் அவருக்குக் குத்துவாங்க. அவரு ஜெயிப்பாரு. எம் பொண்ணு வரும். எம் பேரன் வருவான்." அவள் குரல் உடைந்தது. "இந்தக் கண்ணால இன்னும் அந்தக் கொழந்தையப் பாக்கலியே நான். சாராளு சொல்ற மூக்கத்தான் கனவுல பாத்துக்கினு கீறேன்."

"செல்லி..."

"உன்ன நான் ஒரு நாளாவது ஒண்ணு கேட்டிருக்கேனா? இத மட்டும் குடு."

குப்பன் வாசலுக்கு வந்தார். கோவிந்தம்மா குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அழுது அழுது சோர்ந்து அது அவர் மார்பில் சாய்ந்தது. பேரன் பிறந்த பிறகு அவர் கையில் ஒரு குழந்தை வந்தது அன்றைக்குத்தான். இதே கனம்தான் இருப்பான் அவனும். இதே மாதிரி எச்சில் ஒழுகும். இதே மாதிரி மார்பு முடியைப் பிடித்து இழுப்பான். ஒரு கணம் அவருக்கு எது யார் வீட்டுக் குழந்தை என்றே தெரியவில்லை.

அப்புறம் குழந்தையின் கையைத் தூக்கி, சூரிய வெளிச்சத்தில் பார்த்தார். அம்மா போட்ட முத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் கோத்து, தனித்தனியாக, பனித்துளி மாதிரி நிற்கும். இது அப்படி இல்லை. சாட்டையால் அடித்த மாதிரி நீளம் நீளமாக இருந்தது.

"நேத்து கொழந்த எங்க கெடந்துச்சு?"

"வலைக் குவியல் மேல ஆடிக்கினு இருந்துச்சு" என்றாள் கோவிந்தம்மா.

வலையில் சொறிமீன் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பட்ட இடமெல்லாம் தடிக்கும். வேறொன்றும் இல்லை. ஊரே அறிந்த தடிப்புதான், ஆனால் அன்றைக்கு அது குப்பன் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது. பயத்தில் இருந்த கூட்டத்துக்கு அவர் எதைச் சொன்னாலும் அதுதான் உண்மை.

கதவிடுக்கில் செல்லியம்மாள் நின்றாள். அவள் கண்ணைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. கோயில் பக்கம் பார்த்தார். வெளுத்த கதவுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற பெண் அவர் கண்ணுக்குத் தெரிந்தாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் இந்த வீட்டிலேயே இருந்திருப்பாள். சொல்லாமல்தான் போனாள். அதே மாதிரி ஒரு பொய்யை இன்றைக்கு அப்பன் சொல்லி அவளைக் கூட்டி வந்தால், வாசல் தாண்டும்போது அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"சொறிமீன் பட்டிருக்கு. தேங்கா எண்ணெயத் தடவு, நாளைக்கு அமுந்துடும்" என்றார் குப்பன். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "அம்மா இன்னும் வரல. அன்னிக்கு நான் கதவத் தொறந்ததே தப்பு. ஆள் இல்லாத ஊட்டுல செஞ்ச சத்தியம் யாரையும் கட்டாது. அவங்கவங்க மனசுக்குப் பட்டவங்களுக்குப் போடுங்க."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

லோகநாதன் தோற்றார். நன்றாகவே தோற்றார். அன்றைக்கு மீன் ஏற்ற லாரியை அனுப்பாமல், நேராகத் தானே வந்து கோயிலடியில் நின்று கத்தினார். "கற்பூரம் அணைச்சீங்களே, உங்களுக்கெல்லாம் சாமி பயம் இல்லியா?"

"சாமி ஊர்ல இல்ல மொதலாளி. வந்ததும் நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு சொல்றோம்" என்றாள் கோவிந்தம்மா. "உங்க மூக்குத்தி இந்தா. போட்ட ரெண்டாம் நாளே மூக்கு பச்சையாயிட்சி."

குப்பம் சிரித்துக் கிடந்தது. குப்பன் வீட்டில் மட்டும் சிரிப்பு இல்லை. செல்லியம்மாள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. ஊர் மகளுக்குப் போட்ட கட்டுப்பாட்டை இவள் தன் புருஷனுக்குப் போட்டுவிட்டாள். அவர் வலை வீசும்போதெல்லாம் கைகளில் அந்தக் குழந்தையின் கனம் இருந்தது. தன் பேரனுக்குப் பல் எத்தனை முளைத்திருக்கும் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் தண்ணீருக்குப் போன இடத்தில் செல்லியம்மாள் தாங்காமல் கோவிந்தம்மாவிடம் வெடித்தாள். "உங்க ஊத்துக்காக எம் பேரன வித்துட்டாரு எம் புருசன்!" என்றாள். லோகநாதன் குப்பனுக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் வெளியே வந்தது. வாய்க்காரி கோவிந்தம்மா நிரப்பாத குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த நாள் அவள் கூடை தூக்கிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய், ரொம்ப நேரம் ஒரு கீரைக்கட்டோடு பேசிக்கொண்டிருந்ததாக ஊரில் சொன்னார்கள்.

பௌர்ணமி வந்தது. அம்மாவை அழைக்க விடியலிலேயே படகுகள் கிளம்பின. குப்பன் கையில் காப்புக் கட்டி, புதுக் குடத்தோடு முதல் படகில் நின்றார். பெண்கள் பின்னால் வந்தார்கள். அக்கரை மணல் மேட்டில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் குடத்தை முக்கி, வேப்பிலை சொருகித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கினால் இறக்கக் கூடாது. கோயிலுக்குப் போய்த்தான் இறக்க வேண்டும். ஒரு கையையும் எடுக்கக் கூடாது, அப்படி வழக்கம்.

திரும்பினார். மேட்டின் மேல் அஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. தூரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் மோசஸ்.

ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஏரியைப் பார்த்தார்கள்.

"தோ பாரு, எத்தினி பூநாரை!" என்றாள் கோவிந்தம்மா, ஒரு பறவைகூட இல்லாத தண்ணீரைக் காட்டி. ஒரு பெரியதனக்காரர் இருமினார். "ஊர் மண்ணுலதானே கால் வெக்கக் கூடாது? இது அம்மாவோட தாயூட்டு மண்ணு" என்று கோவிந்தம்மா அவரைப் பார்க்காமலே சொன்னாள். அவரும் பறவை பார்க்கத் தொடங்கினார்.

பேச்சுக் கூடாது என்பது கட்டுப்பாடு. அஞ்சம்மாள் அப்பனோடு பேசவில்லை. அவர் தலையில் இருந்த குடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயே, நல்லாகீறியா? முட்டி வலி தேவலையா? ராத்திரில இருமல் வருதா?"

குப்பன் வானத்தைப் பார்த்துச் சொன்னார். "அம்மா தாயே, இங்க எல்லாம் சௌக்கியம். உன் புள்ளைக்குப் பேரு இன்னா?"

"கோயில்ல தானியேல்னு வெச்சாங்க தாயே. ஊட்டுல கூப்புடறது குப்பு."

அதற்குள் செல்லியம்மாள் ஓடிவிட்டாள். குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்து, உச்சியை முகர்ந்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் புருஷனிடம் வந்தாள். இத்தனை நாள் பேசாத வாயால், "பாருய்யா, மூக்கப் பாரு" என்றாள்.

இரண்டு கையும் குடத்தில் இருந்தன. குனிய முடியாது, தொட முடியாது. செல்லியம்மாள் குழந்தையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வசம்பும் பாலும் கலந்த வாசனை. கீழே இரண்டு அரிசிப் பல். பையன் அவரை உற்றுப் பார்த்தான். மீசையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று குப்பன் அப்புறம் எல்லாரிடமும் சொன்னார்.

"போதும், வெயில் ஏறுது" என்றார் யாரோ. படகு கிளம்பியது. மேட்டில் நின்ற உருவம் சிறுத்துக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் குடம் சாயும் என்று குப்பன் திரும்பவில்லை. கோயிலில் குடத்தை இறக்கின பிறகும் அவர் கைகள் வெகுநேரம் மடிய மறுத்தன. தேய்த்துவிடட்டுமா என்று செல்லியம்மாள் கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வருஷமும், கொடி ஏற்றின நாளே திருவிழா எப்போது முடியும் என்று கேட்கிற ஆள் குப்பத்தில் அவர் ஒருத்தர்தான். அம்மா எப்போது தாய்வீடு போவாள், எப்போது அழைக்கப் போவது என்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் பெருகின. குப்பத்துப் பையன்களே காலனிப் பையன்களோடு ஒரே ஷிப்டுக்குப் போனார்கள். கட்டுப்பாட்டை எடுத்தோம் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மேட்டில் பேரன் நடந்தான், ஓடினான், ஒரு வருஷம் பையோடு பள்ளிக்கூடச் சட்டையில் வந்து நின்றான். ஒவ்வொரு தடவையும் குப்பனின் கைகள் குடத்தில்தான் இருந்தன. வேறு யாராவது தூக்கட்டுமே என்று ஊர் சொன்னதுண்டு. அவர் தலையை ஆட்டிவிடுவார். குடத்தைத் தலையில் தாங்குகிறவருக்குத்தான் முதல் படகு, மேட்டில் முதலில் இறங்குகிறவர் அவர்தான்.